சிங்கம் பார்த்தீர்களா?



பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் வீலர் ரோட்டிலிருந்து ஜீவனஹள்ளி வரை பரவிக் கிடக்கிறார்கள். மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் பொறுக்கினால் கடைக்காரர் எழுந்து நின்றுதான் எடை போடுவார். போன விடுமுறையில் மகளோடு தான்சானியாவுக்குப் போய்வந்தார். வந்த நாளிலிருந்து எதிர்ப்படுகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சிங்கம் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன், பாத்தேன். நாலு சிங்கம், இருபது வண்டி" என்று நடந்துகொண்டே பதில் சொல்லிவிடுவார். எங்கள் இதழின் பயணச் சிறப்பிதழுக்கு ஏதாவது எழுதித் தருவாரா என்று கேட்கப் போன எனக்கு மட்டும் கொஞ்சம் நீண்ட பதில் கிடைத்தது. "சிங்கத்தை விடுங்க தம்பி. அதை டிவியிலேயே நல்லா காட்டுறான். நான் ஒரு ஏரிக்குப் போனேன். அதைக் கேக்க ஒருத்தரும் இல்லை. உக்காருங்க, காபி போடுறேன்."

அவர் போன ஏரியின் பெயர் நாட்ரன். தான்சானியாவின் வடக்கு ஓரம், கென்ய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. சஃபாரிக்குப் போகிறவர்களின் வழக்கமான பட்டியலில் அது கிடையாது. அருஷா நகரில் இறங்கி, தரங்கிரே, மன்யாரா, ங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் ஏறுவார்கள். அந்தச் சுற்றுக்கு வடக்கே, பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் அடியில், வெயில் கொதிக்கும் பள்ளத்தில் இருக்கிறது நாட்ரன். வழிகாட்டி முதலில் மறுத்தாராம். "அங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான் இருக்கிறது, அந்த ஒரு நாளை மன்யாராவுக்குக் கொடுத்தால் யானை பார்க்கலாம்" என்றாராம். மகளும் அவர் கட்சி. டீச்சர் அசையவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் வகுப்பில் ஆப்பிரிக்கா மேப்பைத் தொங்கவிட்டு, குச்சியால் மேலிருந்து கீழே பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகளைத் தொட்டுக்கொண்டே வருவார். துர்கானா, பரிங்கோ, போகோரியா, நகுரு, மகாடி, நாட்ரன். பிள்ளைகள் கோரஸாகச் சொல்ல வேண்டும். மகாடி என்றதும் வகுப்பில் சிரிப்பு வரும். பெங்களூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாகடி, பஸ் போகிற மாகடி ரோடுதானே. கடைசியாகக் குச்சி நிற்கிற இடம் நாட்ரன். "குச்சியால தொட்ட இடத்தை ஒரு தடவை காலாலயும் தொடணும்னு இருந்தது" என்றார்.

பயணக் கட்டுரை எழுதித்தர அவருக்கு இஷ்டமில்லை. சொல்வதை நான் எழுதிக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்றார். எனவே இந்த மாத ஆசிரியர் பக்கத்தில் பாதி அவருடையது.

ம்ட்டோ வா ம்பு என்கிற சிற்றூரில் தார் ரோட்டை விட்டு வடக்கே திரும்ப வேண்டும். இடது பக்கம் பள்ளத்தாக்கின் சுவர் கூடவே வருகிறது. வழியில் ஆங்காங்கே உள்ளூர் நிர்வாகத்தின் சோதனைச் சாவடிகளில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. எங்காருகா என்ற இடத்தில் டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னாராம். அங்கே சில நூறு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட ஒரு விவசாயக் குடியிருப்பின் மிச்சங்கள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கல் வாய்க்கால்களில் திருப்பி, கல் வரப்பு கட்டிய வயல்களுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் பேச்சு நடக்கிறது. மகள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் டீச்சர் வாய்க்காலின் சரிவைப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று வழிகாட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த வழிகாட்டி நிறையப் பயணிகளைப் பார்த்திருப்பார். இப்படி ஒருவரைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதற்கப்பால் ஓல் டோய்ன்யோ லெங்காய். மாசாய் மக்களுக்கு அது கடவுளின் மலை. ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரம், இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. சாதாரண எரிமலைக் குழம்பு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சிவப்பாகக் கனலும். இது கக்குவது சோடியம் கார்பனேட் மிகுந்த குழம்பு. ஏறக்குறைய பாதி வெப்பம்தான். பகலில் பார்த்தால் சேறு வழிவது மாதிரி கறுப்பாக ஓடி, காற்றும் ஈரமும் பட்டுச் சில நாளில் வெளுத்துவிடும். இன்று உலகத்தில் இந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தின் எரிமலை மண்ணிலிருந்தும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் வரும் சோடாதான் ஏரியில் சேர்கிறது. வடக்கே கென்யாவிலிருந்து தெற்கு எவாசோ ங்கிரோ ஆறு வந்து விழுகிறது. வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீரெல்லாம் வெயிலில் ஆவியாகி, உப்பும் சோடாவும் மட்டும் தங்கிவிடுகின்றன.

ஏரி பெரியது, நீளம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆழம் மூன்று மீட்டர்கூடத் தேறாது. தண்ணீரின் காரம் சவர்க்காரக் கரைசலை நெருங்கும், சில இடங்களில் சூடு 60 டிகிரியைத் தொடும். வறண்ட மாதங்களில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி, ஏரி செக்கச் சிவந்துவிடுகிறது. இதில் இறங்கிய பறவை அப்படியே கல்லாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஆண்டுக்கொருமுறை சுற்றி வருகிறது. அது பொய். நிக் பிராண்ட் என்ற புகைப்படக்காரர், கரையில் செத்துக் கிடந்து சோடா படிந்து விறைத்துப்போன பறவைகளை எடுத்து, உயிரோடிருப்பதைப் போல் நிறுத்திவைத்துப் படம் பிடித்தார். 2013இல் அந்தப் படங்கள் உலகமெங்கும் பரவின. படம் போன வேகத்தில் விளக்கம் போகவில்லை.

உண்மையில் இந்த ஏரி ஒரு பிரசவ விடுதி. உலகத்துச் சிறு பூநாரைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிறப்பது இங்கேதான் என்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மற்ற ஏரிகளில் அவை மேயும், கூட்டமாக ஆடும், படத்துக்கு நிற்கும். முட்டையிட இங்கே வந்துவிடும். ஏரி நடுவில் சோடாச் சேற்றைக் குவித்து மேடு கட்டி, ஒரே ஒரு முட்டை. நரியோ கழுதைப்புலியோ அந்தச் சேற்றில் கால்வைத்து நடந்து வந்து சேர முடியாது. நமக்குக் கொப்புளம் போடும் தண்ணீர்தான் அவற்றின் மதில். சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை, அந்தக் காரத்திலேயே தழைக்கும் நீலப்பச்சைப் பாசிதான் சோறு, அதிலிருந்து வருவதுதான் அந்த இளஞ்சிவப்பு. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்.

இந்தச் செய்தி வெளியுலகத்துக்குத் தெரிந்த கதையை டீச்சர் ஏற்கெனவே படித்துவைத்திருந்தார். லெஸ்லி பிரவுன் என்று ஒரு வேளாண் அதிகாரி, கென்யாவில் வேலை, பறவைப் பித்தர். லட்சக்கணக்கில் இருக்கும் இந்தப் பறவைகள் எங்கே முட்டையிடுகின்றன என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1954இல் சிறு விமானத்தில் நாட்ரனுக்கு மேலே பறந்தபோது கூடுகளைக் கண்டுவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று சேற்றில் இறங்கி நடந்தார். பூட்ஸுக்குள் சோடா புகுந்து கால்கள் வெந்துபோயின. எப்படியோ கரையேறி, வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, காலுக்குத் தோல் ஒட்ட வேண்டி வந்தது. பிறகு அதே ஏரியைப் பற்றி அவரே புத்தகமும் எழுதினார்.

"நீங்க இறங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பைத்தியமா? ஓரமா நின்னேன். மாசாய்ப் பையன் ஒருத்தன் கூட வந்தான். எங்கே காலை வைக்கணும், எங்கே வைக்கக் கூடாதுன்னு அவன்தான் சொன்னான். தூரத்துல ஒரு இளஞ்சிவப்புக் கோடு. அவ்வளவுதான். வேற வண்டியே இல்லை. என் பொண்ணு கேக்குறா, இதுல என்னம்மா இருக்குன்னு. நான் அவளுக்கு ஒரு பீரியட் எடுத்தேன்."

ஏரிக்கரை ஊரான எங்காரே செரோவுக்கு அருகே, எரிமலைச் சாம்பல் இறுகிய தரையில் மனிதக் காலடிகள் நானூறுக்கு மேல் பதிந்திருக்கின்றன. குறைந்தது 5,000 ஆண்டு, கூடினால் 19,000 ஆண்டு முந்தையவை. யாரோ நடந்திருக்கிறார்கள், யாரோ ஓடியிருக்கிறார்கள், கூட்டமாக ஒரே திசையில் போயிருக்கிறார்கள். டீச்சர் தன் கால் நீளத்தையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்த கதையை நடித்தே காட்டினார். அதற்குள் காபி ஆறிவிட்டது.

நான் கேட்டதில் எனக்குத் தைத்த இடம் வேறு. ங்கோரோங்கோரோவில் சிங்கம் படுத்திருந்தால் வயர்லெஸ்ஸில் சேதி போய் வண்டிகள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. எதைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் எல்லாம் வண்டிக்காரர் கையில். நாட்ரனில் காட்டுவதற்கு ஆளே இல்லை. என்ன எடுத்துக்கொண்டு போகிறோமோ அதுதான் அங்கே கண்ணில் படும். டீச்சர் முப்பது வருஷ மேப்பைக் கொண்டுபோனார். பிரவுன் ஒரு கேள்வியைக் கொண்டுபோனார். ஒன்றும் கொண்டுபோகாதவருக்கு அது வெயிலும் சேறும்.

சோடாவைக் கண்ணில் வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இது நம் ஊர் சம்பந்தப்பட்ட கதை. நாட்ரனுக்கு வடக்கே கென்யாவில் இருக்கும் மகாடி ஏரியில் 1911 முதல் சோடா எடுக்கிறார்கள். கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் அது வேண்டும். பிரன்னர் மாண்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை டாடா கெமிக்கல்ஸ் வாங்கியபோது மகாடியும் கூட வந்தது. அடுத்து நாட்ரனிலும் ஒரு சோடா ஆலை என்று திட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன். பறவை அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஆலை, குழாய்கள், ரயில்பாதை, குடியிருப்பு என்று வந்தால் இவ்வளவு கூச்ச சுபாவமுள்ள பறவை கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும் என்று வாதாடினார்கள். 2008இல் டாடா விலகிக்கொண்டது. திட்டம் போட்ட எவரையும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. நான் துவைக்கும் சட்டையிலும் அந்தச் சோடா இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதும்போது அந்த ஏரி 'பயன்படாமல் கிடக்கும் இடம்' என்ற பத்தியில்தான் விழுந்திருக்கும். யாரும் போய்ப் பார்க்காத இடங்களுக்கு நேர்கிற கதி அது. நாட்ரனுக்கு நல்ல நேரம், லெஸ்லி பிரவுனுக்குப் பிறகு அரை நூற்றாண்டாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உலகத்தில் சிலர் இருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டீச்சர் கேட்டார்: "ஆப்பிரிக்கா கிடக்கட்டும். ஹெசரகட்டா பாத்திருக்கீங்களா நீங்க?"

பெயர் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் பார்த்திருக்கிறேன். நிருத்யகிராமுக்கு நடனம் பார்க்கப் போனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புரோதிமா பேடி 1990இல் அங்கே தொடங்கிய ஒடிசி நடனக் கிராமம் அது. தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருப்பது மாடித்தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஏரியை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? காக்ஸ் டவுனிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, டீச்சர், அவர் மகள், நான், எங்கள் ஓவியர் எல்லோரும் ஒரே காரில் கிளம்பினோம்.

காரில் பீரியட் ஆரம்பமாகிவிட்டது. காக்ஸ் டவுன்காரர்கள் ஹெசரகட்டாவுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் என்றார். பிரிட்டிஷ் பட்டாளம் 1809இல் பெங்களூரில் தண்டு போட்டது. பட்டாளத்தின் பின்னாலேயே சமையல்காரர், துணி வெளுப்பவர், மேஸ்திரி, கடைக்காரர் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்து அல்சூரைச் சுற்றிக் குடியேறின. ஆட்கள் பெருகப் பெருகத் தண்ணீருக்குத் திண்டாட்டம். கிணறுகளும் அக்கம்பக்கத்து ஏரிகளும் போதவில்லை. 1876 தொடங்கி இரண்டு வருஷம் வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மைசூர் ராஜ்ஜியத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. 1882இல் சாங்கி ஏரி வெட்டினார்கள். அதுவும் போதவில்லை.

அப்போது மைசூருக்குத் திவான் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர், 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர். சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஊருக்குள் ஏரி தேடுவதை நிறுத்திவிட்டு வடமேற்கே அர்க்காவதி ஆற்றுக்குப் போகலாம் என்று முடிவானது. நந்தி மலையில் பிறந்து, தெற்கே இறங்கி, மேகதாதுவுக்குச் சற்று முன் சங்கமத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. ஹெசரகட்டாவில் ஏற்கெனவே இருந்த ஏரியின் கரையைப் பெரிதாக்கி 1894இல் நீர்த்தேக்கம் ஆக்கினார்கள். சாமராஜேந்திரா நீர்த்திட்டம் என்று பெயர். ஏரியிலிருந்து செங்கல் கட்டிய கால்வாயில் தண்ணீர் தானாகவே சோலதேவனஹள்ளிக்கு ஓடிவரும். அங்கே நீராவி இயந்திரம் அதை மேலே ஏற்றி, குழாய் வழியே ஊருக்குத் தள்ளும். 1896இல் பழைய ஊரான பேட்டைக்கும் தண்டுக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1898இல், பிளேக் வந்தது. நெருக்கடியான தெருக்களிலிருந்து மக்களை வெளியே கொண்டுபோக, தண்டின் வடகிழக்கில் அகலமான தெருவும் காற்றோட்டமுமாகப் புதிய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், நம் காக்ஸ் டவுன் எல்லாம் அந்த வரிசை. குழாய்த் தண்ணீர் இல்லாமல் அந்த மேட்டில் யார் வீடு கட்டியிருப்பார்கள்? "உங்க ஆபீஸ் கட்டடத்துக்கு அஸ்திவாரமே அந்த ஏரிதான்" என்றார் டீச்சர். வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் வாடகை ஏற்றுவார் என்பதால் அதை நான் ரகசியமாக வைத்திருக்கிறேன்.

முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை. 1920களின் வறட்சியில் ஏரி காய்ந்தது. ஆற்றில் இன்னும் கீழே இறங்கி, குமுதவதி வந்து சேரும் இடத்தில், திப்பகொண்டனஹள்ளியில் புதிய அணை கட்டினார்கள்; 1933இல் அது வந்தது. அதுவும் போதாமல் 1974 முதல் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. ஹெசரகட்டாவை ஊர் மெல்ல மறந்தது. ஏரியும் பெரும்பாலான வருஷங்களில் நிரம்புவதை மறந்தது. மழை குறைந்துவிட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அர்க்காவதிப் படுகையை ஆராய்ந்த ஏட்ரீ நிறுவனத்தினர் வேறு மாதிரி சொல்கிறார்கள்: மழை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை, ஆழ்துளைக் கிணறுகளும் தைல மரத் தோப்புகளும் நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டதால் ஆற்றுக்கு வர வேண்டிய ஊற்று வற்றிப்போனது. 2022இன் பெருமழையில் பல வருஷங்களுக்குப் பிறகு ஏரி நிரம்பியபோது, கரையோரக் கிராமத்துப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்களாம். டீக்கடையில் கேட்டது.

நாங்கள் போன காலையில் பனி மூட்டம். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், தூரத்தில் புல்வெளி. டிக்கெட் கவுண்டர் இல்லை, படகு இல்லை, சோளக்கதிர் விற்பவர் இல்லை. எருமை ஓட்டிவந்த ஒருவர் எங்களை விசாரித்தார். "ஏன் வந்தீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். கெரே நோட பேக்கு, ஏரி பார்க்க வந்தோம் என்றோம். "நோடி, நோடி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் புல்வெளிதான் எனக்குப் புதிது. பெங்களூரைச் சுற்றி ஒரு காலத்தில் இப்படிப்பட்ட புல்வெளி நிறைய இருந்தது. இந்த அளவில் மிச்சமிருப்பது இது ஒன்றே என்கிறார்கள் பறவை பார்ப்பவர்கள். மரமில்லாத இடம் என்றாலே நமக்குக் கை அரிக்கும். வாருங்கள் மரம் நடலாம் என்று கிளம்பிவிடுவோம். புல்வெளியில் மரம் நடுவது அங்கே குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதற்குச் சமம். வானம்பாடியும் நெட்டைக்காலியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடுகிறவை. பார்வை மறைக்காத வெட்டவெளி அவற்றுக்கு வேண்டும்.

குளிர்காலத்தில் இங்கே பூனைப் பருந்துகள் வருகின்றன. மரத்தில் தங்காது, இரவில் புல்லுக்குள் தரையில் படுக்கும். பகலில் புல்லின் தலையை உரசுகிற உயரத்தில் மெதுவாகப் பறந்து வெட்டுக்கிளி தேடும். நாங்கள் ஒன்றைப் பார்த்தோம். வெளிர் சாம்பல் நிற ஆண். எங்கள் ஓவியர் பென்சிலை எடுப்பதற்குள் அது பாதி மைதானம் போய்விட்டது. டீச்சருக்கு இதிலும் ஒரு மேப் இருந்தது. மான்டேகு பூனைப் பருந்து என்ற வகையில் கஜகஸ்தான் புல்வெளிகளில் பிறப்பவை குளிருக்கு இந்தியா வருகின்றன. அதே வகையில் ஐரோப்பாவில் பிறப்பவை சகாராவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் சாஹேல் புல்வெளிக்குப் போகின்றன. மங்கோலியா, வடசீனப் பக்கத்திலிருந்து வரும் அமூர் வல்லூறோ இரண்டு நாட்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது. நாகாலாந்தில் கூட்டமாக இளைப்பாறி, இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலுக்கு மேல் நிற்காமல் பறந்து ஆப்பிரிக்கா சேர்கிறது. பாஸ்போர்ட் இல்லாத சஃபாரி.

மகள் அன்று ஒரு கேள்வி கேட்டாள். "இது யாருடைய இடம்?" பதில் சொல்ல எனக்கு வீட்டுக்கு வந்து படிக்க வேண்டியிருந்தது. நிலம் அரசின் பல துறைகளிடம் சிதறிக் கிடந்தது. கால்நடைப் பண்ணைக்கு ஒரு பகுதி, திரைப்பட நகரம் கட்ட ஒரு பகுதி என்று பேச்சு வந்து வந்து போனது. இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும் என்று பறவை பார்ப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள். 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் வேண்டாம் என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2024 அக்டோபரில் அதே வாரியம் ஏறத்தாழ 5,678 ஏக்கரைப் புல்வெளிக் காப்பகமாக்க ஒப்புதல் தந்தது. கிராமத்தாருக்கு இதில் பயம் இல்லாமல் இல்லை. மாடு மேய்க்க விடுவார்களா, சொந்த நிலத்தில் வீடு கட்ட விடுவார்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புல்வெளி இத்தனை நாள் புல்வெளியாக இருந்ததில் அந்த மாடுகளுக்கும் பங்கு உண்டு. மேய்ப்பவரை வெளியே நிறுத்திவிட்டு கேமரா வைத்திருப்பவரை மட்டும் உள்ளே விடும் காப்பகம் எனக்கு உவப்பில்லை. எங்காரே செரோவில் டீச்சருக்கு எங்கே கால்வைக்கலாம் என்று காட்டியவர் ஒரு மாசாய் இளைஞர் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீங்களும் போகலாம். போவதென்றால் விடியற்காலையில் போங்கள், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள். காரைப் பாதையிலேயே நிறுத்துங்கள். புல்லில் வண்டி ஏற்றிப் பறவையைத் துரத்திப் படமெடுப்பவர்களை நாங்களே பார்த்தோம்; டயர் தடத்தில் முட்டை இருந்தால் தெரியவும் தெரியாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தான்சானியாவுக்குப் போகும் வசதி இருப்பவர்கள் நாட்ரனுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள். பூநாரை எல்லா வருஷமும் முட்டையிடுவதில்லை. கூட்டம் கூட்டமாகப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதத்தோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த வயதில் அந்த வெயிலா என்று யோசிப்பவர்களுக்கு: டீச்சருக்கு அறுபத்தெட்டு.

இந்த இதழைப் பற்றி இரண்டு வார்த்தை. சிறப்பிதழுக்காகப் பயணக் கட்டுரைகள் வந்து குவிந்தன. சிங்கப்பூர் எட்டு, துபாய் ஆறு, காசி நாலு. எல்லாமே நன்றாக எழுதப்பட்டவை. எல்லாவற்றிலும் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படம் எடுத்திருந்தார்கள். நடுவில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கூந்தன்குளம் பற்றி எழுதியிருந்தார். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டும் ஊர் அது. 1994இல் சரணாலயம் ஆனது, பிறகு ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போவதால் விவசாயிக்கும் லாபம். சரணாலயம் என்ற பலகை வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற ஏற்பாடு. அந்தக் கட்டுரையை முதல் கட்டுரையாக வைத்திருக்கிறோம். சிங்கப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் இடம் உண்டு.

அடுத்து ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பக்கம் சுற்றுலாப் பேருந்து நிற்காத ஏரி ஒன்று கட்டாயம் இருக்கும். கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. யாழ்ப்பாணத்து, வன்னி வாசகர்கள் உங்கள் குளங்களைப் பற்றி எழுதுங்கள். அழகாக இருக்கிறது, மனதுக்கு அமைதி தருகிறது என்று எழுத வேண்டாம், அது எங்களுக்கே தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மடை வழியாகப் போகிறது, கடைசியாக எப்போது நிரம்பியது, மீன் பாசி யாருக்கு ஏலம் போகிறது, எந்த மாதத்தில் என்ன பறவை வருகிறது, பட்டாவில் அது என்னவென்று எழுதியிருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது உட்காரவைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும், ஒரு படம் போதும். கையால் எழுதினாலும் சரி, தட்டச்சு செய்தாலும் சரி. பிப்ரவரிக்குள் வந்து சேர்பவற்றை ஏப்ரல் இதழிலிருந்து மாதம் இரண்டாக வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்
காக்ஸ் டவுன், பெங்களூர்